போஞ்சிப் பந்தலும் இரட்டைக்குழல் துவக்கும்

என் அன்பு இஞ்சேருங்கோவுக்கு,

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. குசினியில் அடுப்படியில் நின்று "இஞ்சேருங்கோ" என்றால் போதும், மேல்மாடியில் எண்ணெய்த் துணியும் கையுமாக இருக்கும் நீங்கள் "என்னப்பா?" என்பீர்கள். இப்போதும் என்னை அறியாமல் அந்தச் சொல் வந்துவிடுகிறது. பிள்ளைகள் ஒன்றும் கேட்காததுபோல் இருந்துவிடுகிறார்கள்.

நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த நினைவு மலரைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். தேவாரம், கோட்டுப் போட்ட உங்கள் படம், யார் யார் பெறாமக்கள், யார் யார் மருமக்கள், எல்லாம் முறைப்படி இருந்தன. வாழ்க்கைக் குறிப்பில் மட்டும் "அன்னார் கலைப்பொருட்களில் ஈடுபாடு மிக்கவர்" என்று ஒரு வரி. ஹரோவில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகன் போட்ட வரி அது. "அண்ணி, துவக்கு எண்டு மலரிலை போடேலாது. சனம் என்ன நினைக்கும்?" என்றார். அன்றைக்குச் சண்டை பிடிக்க என்னிடம் பலம் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. துப்பாக்கி என்றுகூட இல்லை, துவக்கு என்றே எழுதுகிறேன், வாசிக்கிற சனம் நினைக்கிறதை நினைக்கட்டும்.

இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்த துவக்குகளை நீங்கள் போன கிழமையே பொலிஸ்காரர் வந்து லைசென்ஸ் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்து, ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டார். பத்திரம் தேவைப்படாத அந்த ஒன்று மட்டும் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. உங்கள் தம்பி சிவத்தை இல்லாமல் செய்த துவக்கு. மிச்சச் சாமான்களோடு அதையும் எடுத்துக்கொண்டு போக வியாபாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதைக் கொடுப்பதா வைத்திருப்பதா என்று உங்களைத்தானே கேட்க வேண்டும்? வேறு யாரைக் கேட்பது?

எங்கடை ஆட்கள் லண்டனுக்கு வந்து வீடு வாங்கினார்கள், பெற்றோல் ஸ்டேசன் எடுத்தார்கள், கோயில் கட்டினார்கள். நீங்கள் கவுன்சிலில் கணக்கு எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேசனில் கோச்சி ஏறிப்போய் எங்கோ ஒரு சந்தையில் இரட்டைக்குழல் துவக்கு பார்த்தீர்கள். அதுவும் அசல் இல்லை. பழைய ஆங்கிலத் துவக்குகளைப் பார்த்து இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அண்மையில் செய்த நகல்கள். பைத்தியம் பிடித்தாலும் முழுப் பைத்தியமாகப் பிடிக்கக்கூடாதா, ஏன் நகல் என்று நான் கேட்டேன். "அசலை வாங்கிறவன் பேரை வாங்கிறான். நகலை வாங்கிறவன்தான் துவக்கைப் பாக்கிறான்" என்றீர்கள். இந்த மாதிரிப் பதில்களால்தான் உங்களோடு வாழ்ந்து முடித்தேன்.

பிறகு எங்கள் லூயிஷாம் வீட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். துணியில் சுற்றிய துவக்கோடு, இது என்ன பெறும் என்று கேட்டு. பெரிய ஏலக் கடைக்காரர்கள் நகலைக் கையால் தொடமாட்டார்கள், ஆகவே தேடிப்பிடித்து உங்களிடம் வந்தார்கள். நீங்கள் பொம்பிளை பார்க்கப் போன மாப்பிள்ளையின் தாய் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். முன்மரத்தைக் கழற்றி, குழலின் அடியில் குத்தியிருக்கும் சோதனை முத்திரையைக் கண்ணாடி வைத்து வாசிப்பீர்கள். செதுக்கு வேலை உளியால் வெட்டியதா அமிலம் ஊற்றி அரித்ததா, மரம் உண்மையான வால்நட்டா சாயம் பூசிய வேறு மரமா என்று விரலால் தடவுவீர்கள். கடைசியில் குழல்களைத் தனியாகக் கழற்றி, ஒரு விரலில் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் சுண்டுவீர்கள். மணி மாதிரி நின்று ஒலித்தால் ஒட்டு நல்லது. சத்தம் செத்துப்போனால் எங்கோ விட்டிருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்காமலே குசினியில் நின்று எனக்கு முடிவு தெரிந்துவிடும்.

வந்தவர்களில் பாதிப்பேர் தாத்தாவின் அசல் துவக்கு என்று நம்பிக்கொண்டு வந்தவர்கள். அவர்களிடம் அது நகல் என்று நீங்கள் உடனே சொன்னதே இல்லை. முதலில் தேத்தண்ணி, என்னுடைய ரோல்ஸ், பிறகுதான் செய்தி. சாப்பிட முன்னம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர் முறை, அது அந்த வெள்ளைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் ரோல்ஸை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கெட்ட செய்தி வரப்போகிறதே என்று நான் கதவடியில் நின்று பதைப்பேன். ஒருவருடைய துவக்கில் இத்தாலி முத்திரையை அரத்தால் ராவிவிட்டு ஆங்கிலப் பெயரை வெட்டியிருந்தார்கள். அதற்கு விலையே சொல்ல மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தீர்கள். "நகல் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிற நகலுக்கு ஒரு மதிப்பு இருக்கு, சறோ. இதுக்கு ஒண்டும் இல்லை" என்றீர்கள்.

சனம் கதைத்தது. ஒரு பக்கம் உங்களை அந்த இயக்கத்து ஆள் என்றது, மறுபக்கம் இந்த இயக்கத்து ஆள் என்றது. வீடு வீடாகக் காசு சேர்க்க வந்த பெடியள், முன்னறைச் சுவரைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நேரம் கிடைக்கேக்கை பாருங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். அன்றைக்கு இரண்டுபேரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரிக்கக்கூடிய காலம் அது.

மாமாவின், உங்கள் அப்பாவின், துவக்கிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பது எனக்குத் தெரியும். வன்னியில் வயல் செய்தவர், பன்றிக்குக் காவலாக லைசென்ஸோடு ஒரு இங்கிலாந்து இரட்டைக்குழல் வைத்திருந்தார். மேலே இரண்டு காது மாதிரிச் சுத்தியல்கள் நிற்கும் பழைய துவக்கு. பிரச்சினை தொடங்கியதும் லைசென்ஸ் துவக்குகளை எல்லாரும் கேட்டார்கள். ஒரு நாள் வந்தவர்களிடம் மாமா அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வெறுங்கையோடு இருக்கிற மனிசன்போல ஆகிவிட்டார் என்று தம்பி சிவம் எழுதியிருந்தான்.

ஆகவேதான் சந்தையில் அதே அச்சில் ஒன்றைக் கண்டதும் நீங்கள் குழந்தை மாதிரி ஓடிவந்தீர்கள். அது சுடும் நகல்கூட இல்லை. சுவரில் மாட்டுவதற்கென்று குழலை உள்ளே அடைத்தே செய்தது. தோட்டா போட வழியில்லை, சுத்தியல் அடித்தாலும் அடிக்க ஒன்றுமில்லை. ஆனால் வெளித்தோற்றம் அப்படியே. "ரெண்டு முழத்துக்கு அங்காலை நிண்டு பாத்தால் அப்பாவே ஏமாந்து போவார்" என்று எத்தனை தரம் சொன்னீர்கள்?

அந்தக் கோடை லண்டனில் இல்லாத வெய்யில். எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கடை ஆட்கள் ஊருக்குப் படம் அனுப்புவதென்றால் ஒரு முறை இருந்தது. கோட்டும் கழுத்தில் ரையும் போட்டு, சொந்தமோ அடுத்தவனதோ ஒரு காரில் சாய்ந்து நிற்க வேண்டும். நீங்களும் அப்படி நின்றவர்தான். அந்த முறை மட்டும் உங்களுக்கு வேறு ஆசை வந்தது. மாமாவின் பழைய படம் ஒன்று இருக்கிறதே, வயல் வாடியில் இடுப்பில் கட்டிய சாரமும் பெனியனுமாக, பயற்றங்கொடிப் பந்தலுக்கு முன்னால் கதிரையில் இருந்து, மடியில் துவக்கு வைத்துக்கொண்டு. அதேபோல ஒன்று எடுத்து அனுப்ப வேண்டும் என்றீர்கள். சாரம் கட்டினீர்கள். பின்வளவில் நான் போட்டிருந்த போஞ்சிக்கொடிப் பந்தலுக்கு முன்னால் பிரம்புக் கதிரையைப் போட்டீர்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் படம் எடுத்துத் தந்தாள். படத்தில் லண்டன் ஒரு துளிகூட இல்லை. அதுதான் அந்தப் படத்தின் திறம் என்று பெருமைப்பட்டீர்கள்.

கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். மாமா படத்தைப் பார்த்துவிட்டு நெடுநேரம் சிரித்தாராம். சிவத்தின் மனைவி லலிதா அதை ஷோகேஸ் கண்ணாடிக்குள், தங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஊரில் ஒரு சுற்றிவளைப்புத் தேடுதலில் வீட்டுக்கு வந்தவர்கள் யார் என்று எழுதமாட்டேன். அந்த வருடங்களில் வந்தவர்களின் உடுப்பு மாறியது, கேள்வி மாறவில்லை. கண்ணாடிக்குள் இருந்த படத்தை எடுத்தார்கள். படத்தையும் சிவத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நீங்களும் அவனும் ஒரே அச்சு என்பது பிறந்த வீட்டில் பெருமை. "இது நீதான். துவக்கு எங்கை?" என்று கேட்டார்கள். இது அண்ணை, அண்ணை லண்டனில் என்று அவன் சொன்னானாம். "லண்டனிலை சாரத்தோடையோ?" என்று ஒருவன் கேட்டதும் மற்றவர்கள் சிரித்தார்களாம். சிவத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

நீங்கள் கோட்டுப் போட்டு ஒரு காரில் சாய்ந்து நின்றிருந்தால் சிவம் இன்று இருப்பான். இதை நீங்கள் இருக்கும்போது நான் ஒரு தரமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஒவ்வொரு நாளும் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அதன்பிறகு நீங்கள் அலைந்த அலைச்சலை நான்தானே பார்த்தேன். அந்தத் துவக்கு லண்டனில் இருக்கிறது, அது சுடாது, அது நகல் என்று ஆங்கிலத்தில் ஒரு மதிப்பீட்டுச் சான்று வேண்டும். எடுத்தால் கொழும்பு வக்கீலுக்கு அனுப்பலாம், சிவத்தை விடுவிப்பார்கள். இவ்வளவுதான் உங்கள் நம்பிக்கை. ஊருக்கெல்லாம் மதிப்புச் சொன்ன நீங்கள் உங்கள் துவக்குக்கு நீங்களே சான்று எழுத முடியாது. துணியில் சுற்றிக்கொண்டு ஏலக் கடைப் படியேறினீர்கள். நானும் வந்தேன். அங்கே இருந்த மனிதர் துணியை முழுதாக விரிக்க முன்னமே, "மன்னிக்க வேண்டும், நகல்களில் நாங்கள் எங்கள் பெயரைப் போடுவதில்லை" என்றார். நகல் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார் பாருங்கள். அதை எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கெஞ்சினீர்கள். எழுதினால் பெயர் போட்டதாகிவிடும் என்றார். வெளியே வந்து பஸ் தரிப்பில் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் இருந்த இருப்பை நான் எப்படி மறக்க?

கடைசியில் சந்தையில் பழகிய கிழவர் ஹரல்ட் எழுதித் தந்தார். உங்களைப்போல அவரும் நகல் பைத்தியம். குழல் அடைத்தது, தோட்டா ஏற்ற இயலாது, சுவர் அலங்காரத்துக்கு மட்டுமே பெறுமதி என்று அழகான கையெழுத்தில் இருந்தது. ஆனால் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: வேலைப்பாடு மிகத் திறம், பார்வைக்கு அசலிலிருந்து பிரித்தறிவது கடினம். அவர் உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் அதை எழுதினார். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லவா என்று கேட்டேன். "உண்மையை எப்பிடி எடுக்கச் சொல்லுறது?" என்றீர்கள். அப்படியே போனது. வக்கீல் பெற்றுக்கொண்டதாக எழுதினார். பிறகு வருடத்துக்கு வருடம் நீங்கள் கேட்க, விசாரிக்கிறோம் என்று அவர் எழுதினார். பிறகு அதுவும் நின்றது. மாமாவும் அந்த இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்.

துவக்கை எடுத்து எறியுங்கள் என்று எத்தனையோ தரம் உங்களிடம் சொல்ல வாயெடுத்தேன். ஒரு நாள் சொல்லியும்விட்டேன். "அது சாட்சி, சறோ. தம்பி வருமட்டும் அது அங்கைதான் இருக்கவேணும்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் வாங்கவில்லை, ஒருவருக்கும் விலை சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் அதை மட்டும் இறக்கி எண்ணெய் பூசினீர்கள். உங்கள் நெஞ்சு நின்றதும் ஒரு சனிக்கிழமைதான். டொக்டர் கொழுப்பு என்றார். எனக்குத் தெரியாததா?

இனி இங்கத்தைய செய்தி. மூத்தவள் யூனிவர்சிட்டியில். சின்னவன் உங்கள் சேர்ட்டுகளைப் போட்டுக்கொண்டு திரிகிறான். பந்தல் இந்த வருடம் போடவில்லை. போன மாதம் லலிதா தன் மகளோடு லண்டன் வந்துவிட்டாள், எங்களோடுதான் இருக்கிறாள். எயார்போர்ட்டில் அவளைக் கண்டேன். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. நான் பொட்டில்லாமல் நிற்கிறேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "அத்தான் எங்களை விட்டிட்டுப் போட்டார் என்ன, அக்கா" என்று எனக்காக அழுதாள்.

வந்த நாளிலிருந்து முன்னறையில் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் இருந்தாள். அதைக் கழற்றி ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவள் கண்டுவிட்டாள். அதனால்தான் வியாபாரியை வரச் சொன்னேன். இன்று காலை கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தேன், குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அதை ஒருக்கா இறக்கித் தாங்கோ."

இறக்கிக் கொடுத்தேன். மடியில் கிடத்தி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலைக் குழலுக்குள் விட்டாள். பாதி விரலுக்கு மேல் போகவில்லை. மற்றக் குழலுக்குள்ளும் விட்டுப் பார்த்தாள்.

"இது அடைச்சுக் கிடக்கு."

"ஓம். செய்யேக்கையே அப்பிடித்தான். ஒரு நாளும் சுடாது."

"அப்ப அந்த வெள்ளைக்காரன் எழுதினது?"

"உண்மைதான், லலிதா."

"வழக்குக்காக அத்தான் ஆரையோ பிடிச்சு எழுதுவிச்ச பேப்பர் எண்டு நினைச்சன்." விரலை எடுக்காமலே சொன்னாள். "அண்டைக்கு நான் அவங்கடை காலிலை விழுந்து, ஐயா இது விளையாட்டுச் சாமான், இது விளையாட்டுச் சாமான் எண்டு கத்தினனான். எனக்கென்ன தெரியும்? வாயிலை வந்ததைச் சொன்னன். நான் பொய் சொல்லுறன் எண்டு கண்டுபிடிச்சுத்தான் அவரைக் கொண்டுபோனவங்கள் எண்டு இவ்வளவு காலமும் இருந்தன். நான் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறன், அக்கா."

கேட்டீர்களா? உங்கள் சான்றை அவர்கள் நம்பவில்லை, வக்கீல் நம்பினாரோ தெரியாது. சிவத்தின் மனைவியே நம்பவில்லை. தன் பொய்தான் புருசனைக் கொண்டுபோக வைத்தது என்று அவளும், தன் படம்தான் தம்பியைக் கொன்றது என்று நீங்களும், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து உருகியிருக்கிறீர்கள். ஒருவருக்கொருவர் ஒரு சொல் சொல்லவில்லை. நான் லீக்ஸ் வெட்டிய கத்தியோடு நின்று அழுதேன். அவள் அழவில்லை.

"திங்கட்கிழமை வியாபாரி வாறான்" என்றேன். "குடுத்துவிடுவம். இனி இதை வைச்சு என்ன செய்யிறது?"

"குடுக்கப்படாது, அக்கா. அவர் வரேக்கை நான் காட்டவேணும். நான் சொன்னது பொய்யில்லை எண்டு."

சிவம் வரமாட்டான். இதை நான் எழுதுகிறேன், லலிதா வாசிப்பாள், வாசித்துவிட்டு என்னோடு இருந்து சோறு சாப்பிடுவாள். நான் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரியும். நீங்களும் கடைசிக் காலத்தில் நம்பவில்லை, எண்ணெய் பூசிய கைக்கு மட்டும் அது தெரியாமல் இருந்தது. எந்தக் கோர்ட்டும் அந்தத் துவக்கைக் கேட்கப் போவதில்லை. எந்த உடுப்போடும் ஒருவரும் வந்து, அம்மா, நாங்கள் பிழை விட்டோம் என்று சொல்லப் போவதில்லை. எனக்கு மேலே இருக்கிற சிவனிடமும் இது பற்றி இனி ஒரு கேள்வியும் இல்லை.

ஆனாலும் வியாபாரிக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது ஒன்றும் பெறாத சாமான், வைத்திருந்து என்ன பயன் என்று கேட்டான். மதிப்புத் தெரியாதவனோடு கதைத்து என்ன?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தொடவே அருவருத்த அந்தத் துவக்கை இனி நான் துடைப்பேன். துருப்பிடிக்க விடமாட்டேன், விற்கவும் ஒளிக்கவும் மாட்டேன். லலிதா என்றைக்காவது தானாகக் குங்குமத்தை அழித்துவிட்டு வந்து, போதும் அக்கா என்று சொன்னால், அன்றைக்கு இரண்டுபேருமாக அதை இறக்குவோம். அவள் சொல்லாவிட்டால், நான் கண்மூடும்வரை அது சுவரில் இருக்கும். வராதவனுக்காகக் காத்திருக்கிற வேலையை நீங்கள் விட்ட இடத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி சிவத்துக்கு இன்றைக்கும் அண்ணியாக இருக்கிற,
உங்கள் சறோ.